ஐந்தாம் நம்பர் தாய்வீடு

நான் அவருக்கு வைத்த பட்டப்பெயர் எதுவும் நிற்கவில்லை. ஒரு பட்டப்பெயர் நிற்க வேண்டுமென்றால் அந்த ஆள் ஒரு தடவையாவது முறைக்க வேண்டும். இவர் முறைக்க மாட்டார். "ஆயாம்மா" என்று கூப்பிட்டால் திரும்பிப் பார்த்து, "இன்னாபா, டூல் பிட்டு வேணுமா?" என்பார். "இட்லி குண்டான்" என்றால், "இதோ வந்துட்டேன்" என்பார். நல்ல நல்ல பெயர்களை எல்லாம் இப்படி வீணாக்கிய பிறகு எனக்கே அலுத்துப்போய் விட்டுவிட்டேன். அதனால் இங்கேயும் அவருக்குப் பெயர் இல்லை. அண்ணன் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

மண்ணூர்பேட்டையில் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டை ஒட்டி இருந்த ஒரு லேத் பட்டறையில் அவர் வேலை செய்தார். அடுத்த மிஷின் என்னுடையது. பள்ளிக்கூடமும் நானும் எட்டாம் வகுப்பிலேயே பேசி முடித்துப் பிரிந்துவிட்டதால் சின்ன வயசிலேயே அங்கே வந்து சேர்ந்து, இந்தக் கதை நடக்கும்போது மீசையெல்லாம் வைத்து மிஷின்காரன் ஆகியிருந்தேன். குடியிருந்ததும் ஒரே இடம்தான். ஐந்து வீடுகள் ஒட்டி ஒட்டிக் கட்டின லைன் வீடு. வீடு என்றால் ஒரு ரூம், ஒரு மூலையில் அடுப்பு மேடை. எல்லோருக்கும் நடுவில் ஒரு அடிபம்பு. இரண்டாம் நம்பரில் அவரும் அண்ணியும். கடைசி வீடான ஐந்தாம் நம்பரில் நானும், அதே பட்டறையில் டிரில்லிங் மிஷின் ஓட்டிய ஏழுமலையும். எங்கள் இருவருக்கும் கல்யாணம் ஆகவில்லை. பொண்ணு கொடுக்கிற மாதிரி நாங்கள் நடந்துகொள்ளவும் இல்லை.

அண்ணனிடம் ஒரு கோளாறு இருந்தது. நாம் கேலிக்கு ஒன்று கேட்டால் அவர் அதற்கு விவரமாகப் பதில் சொல்லுவார். ஒரு நாள் இறுக்கமான சட்டை போட்டுக்கொண்டு வந்தார். பட்டன்கள் எந்த நேரமும் தெறிக்கும் போல இருந்தன. இன்னாண்ணா, பக்கத்து வீட்டுப் பையன் சட்டையா என்று கேட்டேன். இல்லை, தன்னுடையதுதான், தண்ணியில் சுருங்கிவிட்டது என்றார். அதோடு விட்டிருக்கலாம். அந்தத் துணி எந்தக் கடையில் எடுத்தது, எந்தத் துணி சுருங்கும், எது சுருங்காது, நான் எடுக்கும்போது எவ்வளவு தாராளமாக எடுக்க வேண்டும் என்று டீ டைம் முடியும்வரை சொன்னார். என்னைக் காப்பாற்ற யாரும் வரவில்லை.

அவருடைய முகத்தைப் பார்த்தால் விளையாடுகிறாரா, நிஜமாகவே சொல்கிறாரா என்று கண்டுபிடிக்க முடியாது. நான் கண்டுபிடிக்கப் பார்த்திருக்கிறேன்.

அண்ணிக்கு இரண்டு தடவை கலைந்துபோயிற்று. இரண்டு தடவையும் வயிறு தெரிய ஆரம்பிப்பதற்கு முன்னாலேயே. இரண்டாவது தடவை அவர் ஒரு நாள் லீவு போட்டுவிட்டு அடுத்த நாள் வந்து மிஷினில் நின்றார். அன்றைக்கு நான் எதுவும் கேட்கவில்லை. கேட்டால் அதற்கும் விவரமாகச் சொல்லியிருப்பார், அதுதான் பயம்.

மூன்றாவது தடவை உண்டானதும் பூந்தமல்லிப் பக்கம் ஒரு டாக்டரம்மாவிடம் கூட்டிக்கொண்டு போனார். டாக்டரம்மா பார்த்துவிட்டு, பிரசவம் வரைக்கும் கட்டிலை விட்டு இறங்கக் கூடாது, கக்கூசுக்குப் போவதைத் தவிர என்று சொல்லி அனுப்பினார். இதை எத்தனையோ பேரிடம் எத்தனையோ டாக்டர்கள் சொல்லியிருப்பார்கள். வீட்டுக்கு வந்து பொஞ்சாதியிடம் பார்த்து இருந்துகொள் என்று சொல்லிவிட்டு ஆம்பளை வேலைக்குப் போய்விடுவான். அவள் இரண்டு குடம் தண்ணீரை ஒரு குடமாகக் குறைத்துக்கொள்வாள். ஊர் வழக்கம் அது. ஆனால் இவரிடம் இறங்கக் கூடாது என்று சொன்னால் இறங்கக் கூடாதுதான்.

அடுத்த நாள் காலையில் அடிபம்பில் பொம்பளைகள் வரிசையில் இரண்டு பிளாஸ்டிக் குடத்தோடு நின்றார். முதல் நம்பர் வீட்டு அக்கா, வூட்ல இல்லியா என்று கேட்டது. இருக்கிறாள், இறங்கக் கூடாது என்று சொல்லியிருக்கிறார்கள் என்றார். அக்கா தன்னுடைய குடத்தைப் பார்த்துக்கொண்டு நின்றது.

அப்புறம் ஃபோர்மேனிடம் போய்த் தனக்கு எப்போதும் மத்தியான ஷிஃப்டே வேண்டும் என்று கேட்டார். ஃபோர்மேன் எங்களைப் பார்த்துக் கண்ணடித்துவிட்டு, ஏன், காலையில் வீட்டில் அடுப்பு வேலையா என்றார். ஆமா சார், அடுப்பு, துணி, பாத்திரம், பன்னிரண்டு மணிக்கு எல்லாம் முடிஞ்சிடும், அப்பால லேத்து என்றார் அண்ணன். ஃபோர்மேன் ரிஜிஸ்டரை எடுத்தார். ஷிஃப்டைக் கொடுத்துவிட்டார்.

இப்படி ஒரு வாய்ப்பு கிடைத்தால் நான் சும்மா இருப்பேனா. ஒரு நாள் காலையில் வாயில் பிரஷ்ஷோடு, கூட ஏழுமலையையும் கூட்டிக்கொண்டு பம்படிக்குப் போனேன். கேலி செய்ய ஆள் மட்டும் போதாது, பார்க்கவும் ஆள் வேண்டும். அண்ணன் கல்லில் அண்ணியின் புடவையைக் கும்மிக்கொண்டிருந்தார்.

"இன்னாண்ணா, பொடவ தொவைக்கிறயா?"

"ஆமாம்பா. இது சுங்குடி. சாயம் போவும், அத்தனால தனியா அலசணும்."

"உள்பாவாட?"

"அதுவும்தான். நாடா உள்ள பூட்சின்னா பேஜாரு. ஊக்குல கோத்து திரும்ப உடணும்."

"அண்ணி குடுத்து வெச்சவங்கண்ணா."

"எங்க. படுத்துனே கீறதுல முதுகு வலிக்குதாம்." புடவையின் ஒரு முனையை என் பக்கம் நீட்டினார். "இந்தாண்ட புடி."

பிடித்தேன். ஏன் பிடித்தேன் என்று கேட்காதீர்கள். ஈரப் புடவையை ஒருவர் நீட்டினால் கை தானாகப் போகிறது. நீ அந்தப் பக்கம் முறுக்கு, நான் இந்தப் பக்கம் முறுக்குகிறேன் என்றார். வாயில் பிரஷ், நுரை ஒழுகுகிறது, கையில் அண்ணியின் சுங்குடிப் புடவை. ஏழுமலை என்னைப் பார்த்தபடியே பின்னால் நகர்ந்து போனான். நான் பட்டறைக்குப் போய்ச் சேர்வதற்குள் விஷயம் போய்ச் சேர்ந்திருந்தது. அன்றைக்கு முழுக்க என்னை ஓட்டினார்கள். அண்ணனைப் போல விவரமாகப் பதில் சொல்லிப் பார்த்தேன். எனக்கு அது வரவில்லை, கோபம்தான் வந்தது.

அவர் சமைத்ததும் அப்படித்தான். அண்ணி கட்டிலில் படுத்தபடி சொல்லுவாள், அவர் அடுப்படியில் நின்று செய்வார். முதல் நாள் ஒரு கை பருப்பு போடு என்று சொன்னாள். போட்டார். லேத் பிடிக்கிற கை எவ்வளவு பெரியது என்று உங்களுக்குத் தெரியுமோ என்னவோ. அன்றைக்கு லைனில் ஐந்து வீட்டுக்கும் சாம்பார் போயிற்று. நான் சொன்னது என் கை என்று அண்ணி தலையில் அடித்துக்கொண்டாள். அடுத்த நாளிலிருந்து பருப்பு டப்பாவையும் உப்பு ஜாடியையும் கட்டிலுக்குத் தூக்கிக்கொண்டு போவார். அண்ணி படுத்தபடியே கையை விட்டு அள்ளி அவர் ஏந்துகிற கிண்ணத்தில் போடுவாள். பெருங்காயம் கிள்ளுவதற்குக்கூட அவள் விரலைத்தான் நம்பினார்.

அண்ணிக்கு இதில் பெருமை எல்லாம் கிடையாது. வெட்கம்தான். கதவைச் சாத்திக்கொண்டு துவைக்கச் சொல்லிக் கெஞ்சுவாள், வெளியில் துவைத்தால் மானம் போகிறது என்பாள். உள்ளே தண்ணீர் போக வழி இல்லையே என்று சொல்லிவிட்டு அவர் பக்கெட்டைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்துவிடுவார்.

ஆறாம் மாதம் திருவேற்காட்டிலிருந்து அவருடைய அம்மா, எங்களுக்குப் பெரியம்மா, வந்து இறங்கினார்கள். அந்தக் காலத்தில் அடுத்தவர் கழனியில் நாற்று நட்டு, களை எடுத்து, அதே வரப்பில் வலி வந்து பிள்ளை பெற்றவர்கள். வந்தபோது பிள்ளையாண்டான் பம்படியில் உட்கார்ந்து மத்தி மீனுக்குச் செதில் எடுத்துக்கொண்டிருந்தார். பெரியம்மா பையைக் கீழே போட்டுவிட்டு அங்கேயே மாரில் அடித்துக்கொண்டு அழுதார்கள். சிங்கம் மாதிரி பெத்த பிள்ளையை இந்த வேலை செய்ய வைத்துவிட்டாளே என்றார்கள்.

"அவ வெக்கலமா," என்றார் அண்ணன். "நானேதான் செய்றேன்." என்ன மீன், எந்தக் கடையில் வாங்கியது என்றும் சொன்னார்.

பெரியம்மா இரண்டு நாள் பார்த்தார்கள். ஊருக்குத் திரும்புகிற உத்தேசத்தை விட்டுவிட்டு அங்கேயே தங்கிவிட்டார்கள். அண்ணன் மத்தியானம் ஷிஃப்டுக்குச் சைக்கிளை எடுத்ததும் அண்ணியை எழுப்பிவிடுவார்கள். குனிந்து நிமிர்ந்து வேலை செய்தால்தான் சுகப்பிரசவம் ஆகும் என்பது அவர்கள் கட்சி. கெட்ட மனசு என்று சொல்ல முடியாது. அவர்களுக்கு அப்படித்தான் ஆயிற்று.

அந்த வாரம் எனக்குக் காலை ஷிஃப்ட். வேலை முடிந்து லைனுக்குள் நுழைந்தால் அண்ணி ஒரு கையைச் சுவரில் ஊன்றிக்கொண்டு இன்னொரு கையால் வாசலைக் கூட்டிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் துடைப்பத்தைப் பின்னால் மறைத்தாள்.

"அண்ணன் கைல சொல்லாத தம்பி."

சரி என்று சொல்லிவிட்டு அப்படியே சைக்கிளைத் திருப்பிக்கொண்டு போய்ச் சொன்னேன். நல்ல மனசு என்று நினைக்க வேண்டாம். என் வாயில் எதுவும் தங்காது.

அண்ணன் மிஷினை நிறுத்திவிட்டு வீட்டுக்கு வந்தார். சத்தம் போடவில்லை. டாக்டரம்மா இறங்கக் கூடாது என்று சொன்னதை அம்மாவுக்கு மறுபடியும் சொன்னார். உன் டாக்டரம்மா எத்தனை பெற்றிருக்கிறாள் என்று பெரியம்மா கேட்டார்கள். தெரியவில்லை, கேட்டுவிட்டு வருகிறேன் என்றார். அடுத்த தடவை போனபோது கேட்டும் விட்டார். ஒன்றுதானாம், அதுவும் ஆபரேஷனாம். அதை அப்படியே வந்து அம்மாவிடம் சொன்னார். ஜெயித்தது தான்தான் என்று பெரியம்மா எடுத்துக்கொண்டு, மத்தியானத்தில் அண்ணியைப் பாத்திரமும் துலக்க வைத்தார்கள்.

அப்புறம் ஒரு நாள் சாயங்காலம் அண்ணிக்கு ரத்தம் பட்டது. கொஞ்சம்தான். ஆட்டோவில் கூட்டிக்கொண்டு போனார்கள். பிள்ளைக்கு ஒன்றும் ஆகவில்லை, இன்னொரு தடவை இப்படி ஆனால் தான் பொறுப்பில்லை என்று டாக்டரம்மா திட்டி அனுப்பினார். அதன் பிறகு சில நாள் அண்ணன் யாரிடமும் பேசவில்லை. நான் வேண்டுமென்றே அவர் மிஷின் பக்கம் போய், இன்னாண்ணா, இன்னிக்கு இன்னா கொழம்பு என்று கேட்டேன். பதில் வரவில்லை. பதில் வராத அண்ணனைப் பார்க்க எனக்குப் பிடிக்கவில்லை.

அவருடைய கஷ்டம் எங்களுக்குப் புரிந்தது. மத்தியானத்துக்கு மேல் அவர் லேத்தை விட்டு வர முடியாது. அம்மாவை ஊருக்குப் போ என்று சொல்லவும் முடியாது. பெற்ற அம்மாவை வீட்டை விட்டு அனுப்பினான் என்ற பேர் திருவேற்காடு வரைக்கும் போகும். அம்மா இருக்கிற வரைக்கும் அண்ணி கட்டிலில் இருக்கப் போவதில்லை. வேலை இல்லாத நேரத்தில் பெரியம்மா மருமகளுக்குக் காலெல்லாம் எண்ணெய் தேய்த்து நீவியும் விட்டார்கள். அதனால் திட்டவும் முடியவில்லை.

அண்ணிக்கு ஏழாம் மாதம் தொடங்கியது. அந்த மாதத்தைத் தொட்ட முதல் பிள்ளை இதுதான். ஒரு நாள் நான் ஸ்டவ் அடைப்பு எடுக்க வாங்கிய பின்னைத் திருப்பிக் கொடுப்பதற்காக இரண்டாம் நம்பருக்குப் போனேன். அண்ணன் ரசத்தை இறக்கிக்கொண்டிருந்தார். பெரியம்மா வாசலில் கால் நீட்டி உட்கார்ந்து வளைகாப்பைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். அண்ணிக்குச் சின்ன வயசிலேயே அம்மா இல்லை. அப்பா அரக்கோணம் பக்கம் இன்னொரு குடும்பத்தோடு போய்விட்டார், கல்யாணத்துக்கே வரவில்லை.

"சீர் கொண்டாற ஒரு நாதி கீதா இவளுக்கு?" என்றார்கள் பெரியம்மா. "வளகாப்பு முடிஞ்ச கையோட பொண்ணு தாய் வூட்டுக்கு போவணும். அதான் மொற. மொற தப்பினா பெத்து பொழைக்குமா? இவ எங்க போவா, சொல்லு."

அண்ணி சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

எனக்கு அந்த மாதிரி நேரத்தில் வாய் சும்மா இருக்காது. "இன்னா பெரிம்மா இப்டி சொல்லிட்ட? நாங்க இல்லியா? நாங்கதான் அண்ணிக்கு அம்மா வூடு. அஞ்சாம் நம்பரு."

பெரியம்மாவே சிரித்துவிட்டார்கள். முதல் நம்பர் அக்கா பம்படியிலிருந்து சிரித்தது. அண்ணன் மட்டும் ரசப் பாத்திரத்தைக் கையில் வைத்துக்கொண்டே என்னைப் பார்த்தார்.

"மெய்யாலுமா?"

"மெய்யாலும்தாண்ணா," என்றேன். ஆரம்பித்த கேலியைப் பாதியில் விட முடியாது.

அவர் தலையை ஆட்டிவிட்டுப் பாத்திரத்தை இறக்கி வைத்தார். அன்றைக்குப் பட்டறைக்கு வந்ததும் ஏழுமலையையும் என்னையும் ஓரமாகக் கூட்டிக்கொண்டு போனார். ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு மேல் நல்ல நேரம், வேட்டி கட்டிக்கொண்டு வர வேண்டும், தட்டு ஒற்றைப்படையில் இருக்க வேண்டும், பட்டறையில் இன்னும் மூன்று பேரிடம் சொல்லியிருக்கிறேன், அவர்கள் சித்தப்பா வகை என்றார். ஏழுமலை என்னைப் பார்த்த பார்வையை நான் இங்கே எழுத முடியாது.

சனிக்கிழமை ஷிஃப்ட் முடிந்த கையோடு அரிசி, பருப்பு, புளி எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு எங்கள் ரூமுக்கு வந்துவிட்டார். தாய் வீட்டுச் சோறு தாய் வீட்டில்தானே ஆக வேண்டும் என்றார். புளிச் சோறு, எலுமிச்சைச் சோறு, தேங்காய்ச் சோறு, தயிர்ச் சோறு, சர்க்கரைப் பொங்கல். உப்பும் பருப்பும் அண்ணி கையால் அள்ளிப் போட்டது ஏற்கெனவே கிண்ணம் கிண்ணமாக வந்திருந்தது. விடிந்ததும் உட்கார்ந்து செய்து முடித்தார். தேங்காய் துருவினது நான். புளி கரைத்தது ஏழுமலை. எங்களையும் வேலை வாங்கிவிட்டார் என்பது துருவி முடித்த பிறகுதான் உறைத்தது.

பத்து மணிக்கு நாங்கள் ஐந்து பேரும் தட்டைத் தூக்கிக்கொண்டு கிளம்பினோம். ஐந்தாம் நம்பருக்கும் இரண்டாம் நம்பருக்கும் நடுவில் இரண்டு கதவு. முதல் நம்பர் அக்கா வழியை மறித்துக்கொண்டு, சீர் தெருவிலிருந்து வர வேண்டும், இப்படிப் பக்கத்து ரூமிலிருந்து நழுவி வரக் கூடாது என்றது. அதனால் மண்ணூர்பேட்டை பஸ் ஸ்டாப் வரைக்கும் போய்த் திரும்பி வந்தோம். பூத்தட்டு, பழத்தட்டு, கண்ணாடி வளையல் தட்டு, சோற்றுத் தூக்குகளை அடுக்கின இரண்டு அண்டா. பஸ் ஸ்டாப்பில் நின்ற எஸ்டேட் ஆட்கள் எல்லாம் பார்த்தார்கள். என் வாழ்க்கையில் நான் யாரையும் பார்த்துச் சிரிக்காமல் நடந்த தூரம் அது ஒன்றுதான்.

அண்ணன் அதற்குள் பின்பக்கமாக ஓடி, முகம் கழுவி, சட்டை மாற்றித் தன் வீட்டு வாசலில் நின்றார். இத்தனை நேரம் எங்கள் அடுப்பில் வெந்த ஆள், எங்களை இப்போதுதான் பார்ப்பது போலக் கை கூப்பினார்.

"வாங்க மச்சான். வழியில ஒண்ணும் கஷ்டம் இல்லியே?"

பெரியம்மா எங்களை மேலும் கீழும் பார்த்தார்கள். ஆம்பளைகள் சீர் கொண்டுவருகிற கூத்து எங்கே நடக்கும் என்று கேட்டார்கள். பொண்ணுக்குக் கூடப்பிறந்தவன் கொண்டுவந்தால் ஆகாதா, ஊரில் நடக்காததா என்றது அக்கா. அது நடக்கிற வழக்கம்தான். கூடப்பிறந்தவன் யார் என்று எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். ஏழுமலை எனக்குப் பின்னால் போய்விட்டான்.

வாசலில் புடவை கட்டி நிழல் போட்டிருந்தது. கட்டிலை வெளியே கொண்டுவந்து, அண்ணனே அண்ணியைத் தூக்கிக்கொண்டு வந்து அதில் உட்கார வைத்தார். அண்ணி தலையை நிமிர்த்தவே இல்லை. பொம்பளைகள் ஒவ்வொருவராகச் சந்தனம் பூசி வளையல் அடுக்கினார்கள். நலங்குப் பாட்டு நடுவில் இருக்கும்போது அலாரம் கடிகாரம் அடித்தது. எல்லோரும் திடுக்கிட்டார்கள். அண்ணன் கூட்டத்துக்குள் வந்து, அரை மணி நேரத்துக்கு மேல் உட்காரக் கூடாது என்று டாக்டரம்மா சொல்லியிருக்கிறார்கள் என்று அறிவித்துவிட்டு அண்ணியைப் படுக்க வைத்தார். மீதி வளையலைப் படுத்தபடிதான் போட்டார்கள்.

சாப்பாடு ஆயிற்று. இனிமேல் பொண்ணு தாய் வீட்டுக்குக் கிளம்ப வேண்டும். நாங்கள் மிஷின் இடம் மாற்றிப் பழகினவர்கள், கட்டிலோடு தூக்கிவிடலாம் என்று எங்களில் நாலு பேர் ஆளுக்கு ஒரு கால் பக்கம் நின்றார்கள். பெரியம்மா அலறிவிட்டார்கள். நாலு பேர் சேர்ந்து தூக்குவது எதை என்று யாருக்காவது தெரியுமா, நல்ல நாளும் அதுவுமாக வாசலில் இது என்ன கோலம் என்று கத்தினார்கள். எங்களுக்கும் அப்போதுதான் விளங்கியது. நாலு பேரும் கையை எடுத்துவிட்டார்கள்.

அண்ணன் யோசித்தார். "அப்ப அஞ்சு பேரு," என்றார்.

ஐந்தாவது ஆள் நான். எனக்குப் பிடிக்க மூலை இல்லை. கட்டில் சட்டத்தின் நடுவில் ஒரு கையை வைத்துக்கொண்டு பக்கத்தில் நடந்தேன். அண்ணி கையில் வளையல் குலுங்கியது. மெதுவா, மெதுவா என்று அண்ணன் பின்னால் வந்தார். இரண்டு கதவு தாண்டி ஐந்தாம் நம்பர் வாசலில் இறக்கினோம். அக்கா கைத்தாங்கலாகப் பிடித்துக்கொள்ள, அண்ணி வலது காலை எடுத்து எங்கள் ரூமுக்குள் வைத்தாள். ஏழுமலையின் லுங்கி கொடியில் தொங்கிக்கொண்டிருந்தது. தாய் வீட்டில் அதைத் தவிர வேறு அலங்காரம் இல்லை.

பெரியம்மாவும் பின்னாலேயே உள்ளே வந்தார்கள். அண்ணன் வாசலில் நின்றார்.

"அம்மா, நீ சம்மந்தி. நீ சொன்ன மொறதான். பொண்ணு வூட்ல வந்து குந்தலாம், காபி குடிக்கலாம். தங்க கூடாது. பொண்ண வேல வாங்க கூடாது."

முறை பெரியம்மாவுடையது. முறை தப்பினால் என்ன ஆகும் என்று சொன்னதும் அவர்கள்தான். ஒரு விருந்தாளியைப் போல வாசற்படி ஓரமாக உட்கார்ந்தார்கள். சம்மந்தியம்மாவுக்குக் காபி போட்டேன். சக்கரை போதவில்லை என்றார்கள்.

அவர் எல்லாம் தெரிந்து செய்தாரா, நான் சொன்ன கேலியை வழக்கம் போல நேராக எடுத்துக்கொண்டாரா என்பதில் ஏழுமலைக்கும் எனக்கும் தகராறு. அவன் தெரிந்துதான் என்பான். நான் ஒரு தடவை அவரிடமே கேட்டேன். "நீதானப்பா அம்மா வூடுன்னு சொன்ன," என்றார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

அன்றிலிருந்து பிரசவம் வரைக்கும் நானும் ஏழுமலையும் இரண்டாம் நம்பரில் அண்ணனோடும் அவர் அம்மாவோடும் படுத்தோம். அண்ணி ஐந்தாம் நம்பரில், துணைக்கு முதல் நம்பர் அக்கா. காலையில் அண்ணன் மாமியார் வீட்டுக்கு வரும் மாப்பிள்ளையாகப் பக்கெட்டோடும் காய்கறிப் பையோடும் வருவார். மத்தியானம் அவர் ஷிஃப்டுக்குப் போனதும் எங்களில் யாருக்கு வேலை இல்லையோ அவன் பொண்ணு வீட்டுக்காரன். நான் முறத்தில் அரிசி புடைக்கப் பழகினேன். கல் பொறுக்கினேன். ஏழுமலை பொண்ணுக்குத் தினமும் மாதுளம்பழம் உரித்தான், ஒரு முத்துகூடச் சிதறாமல். பெரியம்மா சாயங்காலம் சாயங்காலம் வந்து வாசலில் உட்கார்ந்து, இவன் புடைக்கிற அழகைப் பார் என்று என்னைத் திட்டிவிட்டுப் போவார்கள். அண்ணி கட்டிலிலிருந்து சிரிப்பாள். அவள் சிரித்து நான் கேட்டது அப்போதுதான். ஆனால் ஒவ்வொரு தடவை அவள் புரண்டு படுக்கும்போதும் எங்கள் எல்லோருடைய கையும் ஒரு நிமிஷம் நின்றுதான் வேலை செய்யும்.

மாதம் நிறைந்து ஒரு நாள் காலையில் வலி எடுத்தது. ஆஸ்பத்திரி வராந்தாவில் நாங்கள் உட்கார்ந்திருந்தோம். பெரியம்மா தரையில் உட்கார்ந்து ஏதோ அம்மனுக்கு என்னென்னவோ வேண்டிக்கொண்டார்கள். அண்ணன் கதவைப் பார்த்தபடி நின்றார். உட்காரச் சொன்னால் உட்கார்ந்து மறுபடியும் எழுந்தார். எனக்குப் பொறுக்கவில்லை.

"எல்லாத்தியும் நீயே செஞ்ச. இத்த மட்டும் அண்ணி தலைல கட்டிட்டயேண்ணா."

"கேட்டு பாத்தேன்பா," என்றார். "உள்ளயாவது கூட நிக்கறேன்னு. நர்சம்மா தொரத்திட்டாங்க."

மத்தியானத்துக்கு மேல் உள்ளே ஒரு சத்தம் கேட்டது. சின்னதாக, ஆட்டுக்குட்டி கத்துகிற மாதிரி. நர்சம்மா வந்து பொம்பளைப் பிள்ளை, இரண்டு பேரும் நல்லா இருக்கிறார்கள் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். கொஞ்ச நேரம் கழித்துத் துணியில் சுற்றின பிள்ளையைப் பெரியம்மா கையில் கொடுத்தார்கள்.

பிறந்த பிள்ளையின் நாக்கில் முதன்முதலாகச் சர்க்கரைத் தண்ணீர் தொட்டு வைப்பார்கள். சேனை என்பார்கள். வைக்கிற ஆளின் குணம்தான் பிள்ளைக்கு வரும் என்று ஒரு நம்பிக்கை. பெரியம்மா சின்னக் கிண்ணத்தில் கலந்து மடியிலேயே வைத்திருந்தார்கள். தாய்மாமன் என்ற முறையில் நான் ஒரு அடி முன்னால் போனேன்.

"நீ வெச்சா இது ஜென்மத்துக்கும் வாய மூடாது," என்றார்கள். ஏழுமலையைப் பார்த்தார்கள். தன் கையையும் ஒரு தடவை பார்த்துக்கொண்டார்கள். அப்புறம் கிண்ணத்தை மகன் பக்கம் நீட்டினார்கள்.

"டேய். நீயே வந்து வையி."

அண்ணன் கிண்ணத்தை வாங்கவில்லை. "கை கழுவினு வந்துட்றேம்மா," என்று சொல்லிவிட்டு வேகமாக நடந்தார்.

வராந்தாவின் கடைசியில் ஒரு குழாய் இருந்தது. ஆள் திரும்பி வரக் காணோம் என்று நான் பின்னால் போனேன். குழாயைத் திறந்து விட்டுவிட்டு, அதற்குக் கீழே இரண்டு கையையும் நீட்டித் தேய்த்துக்கொண்டிருந்தார். குழாயில் ஒரு சொட்டுத் தண்ணீர் வரவில்லை. கை காய்ந்திருந்தது. முகம்தான் நனைந்திருந்தது.

"தண்ணி வர்லண்ணா," என்றேன்.

"வரும்."

"அது வர்றதுக்குள்ள உம் பொண்ணு வளந்து ஸ்கூலுக்கு பூடும்."

கையைத் தேய்ப்பதை நிறுத்தினார். நான் சொன்னதை எல்லாம் எடுத்துக்கொண்டது போல இதையும் எடுத்துக்கொண்டு யோசித்தார். பிறகு திரும்பி என் முகத்தைப் பார்த்தார்.

"போவும்ல?" என்று கேட்டார்.

"போவும்ணா," என்றேன்.